எம்மென்ரால் பண்ணையில் ஏழு குட்டிகள்

புலம்பெயர்ந்த எம்மவர் வீடுகளில் ஆண்டுதோறும் ஒரு வழக்குத் தாக்கல் செய்யப்படுகின்றது. வழக்காளிகள் பிள்ளைகள், கோரிக்கை ஒரு நாய்க்குட்டி. நீதிபதியாகிய தகப்பனார் வழக்கை அடுத்த கோடை விடுமுறை வரை ஒத்திவைக்கின்றார். தாயார் தள்ளுபடி செய்கின்றார். பிள்ளைகள் மேன்முறையீடு செய்கின்றனர். தஞ்சக் கோரிக்கைகளைப் போலவே இவ் வழக்குகளும் ஆண்டுக்கணக்கில் இழுபடுவதை வாசகர்கள் அறிவர். ஆயினும் அண்மைக் காலத்தில் பல வீடுகளில் தீர்ப்புப் பிள்ளைகளின் பக்கம் சாய்ந்து வருகின்றது. பேர்ண் நகரத்து ஆற்றங்கரையில் மாலை வேளையில் நடந்து செல்லும்போது, கையில் நாய்வாருடன் எதிர்ப்படும் எம்மவரை இப்போது நாம் காண்கின்றோம். நாம் இந்நாட்டுக்கு வந்த காலத்தில் அது அரிய காட்சி.

இக் கட்டுரையை எழுதுவதற்கு உடனடிக் காரணமாக அமைந்தது எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் மனக்குறை. தகப்பனார் உணவகம் ஒன்றின் சமையலறையில் மாலை வேலை செய்பவர். தாயார் முதியோர் இல்லம் ஒன்றில் முறைவேலை செய்பவர். பாடசாலை செல்லும் பிள்ளைகள் இருவர். எம்மென்ரால் பகுதியில் உள்ள பண்ணை ஒன்றில் பேர்ண் மலைநாய்க் குட்டிகள் பிறக்கவிருப்பதாக அறிந்து, பண்ணைக்காரப் பெண்மணி அனுப்பிய வினாக்கொத்தை நிரப்பி அனுப்பினார்கள். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. குட்டி தர இயலாது என்பதே பதில். காரணம் விளக்கப்படவில்லை. பிள்ளைகள் அழுதார்கள். பெயரையும் நிறத்தையும் பார்த்துத்தான் மறுத்துவிட்டார்கள் என்று தகப்பனார் எம்மிடம் சொன்னார்.

நிறத்தைப் பார்த்துக் கதவடைப்போர் இந்நாட்டில் இல்லை என்று நாம் எழுதப்போவதில்லை. வாடகை வீடு தேடி அலைந்த எவருக்கும் அது தெரியும். ஆயினும் ஒரு தரப்பை மட்டும் கேட்டு எழுதுவது பத்திரிகைத் தொழிலுக்கு அழகன்று. அதே பண்ணையில் எம்மவர் இளைஞர் ஒருவர் வேலை செய்கின்றார் என்பதும் தெரியவந்தது. அவர் வழியாக அனுமதி பெற்று, கடந்த பனிக்காலத்தில் அப் பண்ணைக்கு மூன்று தடவை சென்றுவந்தோம்.

எம்மென்ரால் என்பது எம்மே ஆற்றின் பள்ளத்தாக்கு. எம்மவர் அதனை அறிந்திருப்பது பெருந்துளைகள் கொண்ட பாலாடைக்கட்டியின் பெயராகத்தான். ஏறத்தாழ நிலத்தைத் தொடும் அளவுக்கு இறங்கிய அகன்ற கூரை, அதன் கீழே ஒரு பக்கம் குடும்பம், மறு பக்கம் மாடுகள், மேலே வைக்கோற்போர்: இதுதான் அங்குள்ள பழைய பண்ணைவீட்டின் அமைப்பு. இந்த வீட்டோடு சேர்ந்ததுதான் நாம் பார்க்கச் சென்ற நாயினமும். கரிய உடல், வெண்மையான மார்பு, கால்களிலும் கன்னங்களிலும் செம்பழுப்பு, கண்களுக்கு மேலே இரு செம்பழுப்புப் புள்ளிகள். வளர்ந்த ஆண்நாய் ஐம்பது கிலோ வரை நிறுக்கும். ஜேர்மன் மொழியில் இதற்கு ‘பேர்ணர் சென்னென்ஹுண்ட்’ என்று பெயர். மலைமேய்ச்சல் நிலத்தில் மாடு மேய்த்துப் பாலாடைக்கட்டி செய்பவன் ‘சென்’, ‘ஹுண்ட்’ நாய்.

இந் நாய் அழகுக்காக வளர்க்கப்பட்டதன்று. முன்னர் பாலாடைக்கட்டி மலைமேலேயே செய்யப்பட்டது. 1815ஆம் ஆண்டில் பேர்ணுக்கும் தூனுக்கும் இடையிலுள்ள கீசன் என்ற ஊரில் பள்ளத்தாக்கின் முதலாவது பாலாடைக்கட்டிச்சாலை தொடங்கியது. அதன் பின்னர் ஊருக்கு ஊர் அத்தகைய சாலைகள் எழுந்தன. ஒவ்வொரு விவசாயியும் காலையும் மாலையும் பாலைக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டிய நிலை ஏற்பட்டது. குதிரை வைத்திருக்க வசதியற்றவன் சிறு வண்டியில் பாற்கலங்களை ஏற்றி நாயைப் பூட்டினான். ஏழை விவசாயியின் குதிரை அந்த நாய்தான். அது மாட்டை ஓட்டியது, முற்றத்தைக் காத்தது, பால் சுமந்தது. எவரும் அதற்கு வமிசாவளி எழுதிவைக்கவில்லை. றிக்கிஸ்பேர்க் அருகே டியூர்பாக் என்ற இடத்துச் சத்திரத்தைச் சுற்றி அதிகம் காணப்பட்டதால், ‘டியூர்பெக்லர்’ என்று ஊர்ப்பெயரால் அழைத்தார்கள், அவ்வளவுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிநாட்டு நாயினங்கள் மீது மோகம் பிறந்தது. சென் பேர்ணார்ட் நாயின் புகழும் எங்கும் பரவியது. ஊர்நாய் அருகத் தொடங்கியது. 1892இல் பூர்க்டோர்ஃப் நகரத்துச் சத்திரக்காரர் பிரான்ஸ் ஷேர்ட்டன்லைப் என்பவர், தம் தந்தையார் புகழ்ந்து பேசிய அந்தப் பழைய மூவண்ண நாயைத் தேடி ஊரூராகப் புறப்பட்டார். 1904இல் பேர்ண் கண்காட்சியில் அதற்கெனத் தனிப் பிரிவு கிடைத்தது. 1907இல் அதனை வளர்ப்போர் சங்கம் அமைத்தனர். சூரிச் நகரத்துப் புவிச்சரிதவியற் பேராசிரியர் அல்பேர்ட் ஹைம் (1849–1937) அவர்களுக்குத் துணைநின்றார். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய எமக்கு, மலைகளின் மடிப்புகளை ஆராய்ந்த ஒருவர் நாய்களின் நெற்றிப் புள்ளிகளையும் அதே கவனத்துடன் ஆராய்ந்தது வியப்பளிக்கவில்லை. ஆராய்ச்சியாளன் எதையாவது எண்ணிக்கொண்டிருக்கவேண்டும். 1910இல் பூர்க்டோர்ஃபில் நடந்த காட்சிக்கு விவசாயிகள் 107 நாய்களை அழைத்துவந்தனர். இன்று உலகெங்கும் உள்ள இவ்வினம் அத்தகைய சிறு தொகையிலிருந்து பெருகியது.

சிறு தொகையிலிருந்து பெருகுவதில் ஆபத்து உண்டு என்பதை எம் கிராமங்களில் மச்சாள் மச்சான் கலியாணங்களைக் கண்டவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. 1940களின் இறுதியில் நியூபவுண்லாந்து இன ஆண்நாய் ஒன்று வேலி பாய்ந்து இவ்வினப் பெண்நாயுடன் சேர்ந்தது. சங்கத்தார் அந்தக் கலப்பை ஒதுக்கிவிடாமல், அதில் பிறந்த ஒரு பெண்குட்டியின் வழியைப் புதுஇரத்தமாக ஏற்றுக்கொண்டனர். ஆயினும் இன்றும் இவ்வினத்தில் புற்றுநோய் மிகுதி. சராசரியாக ஏழு எட்டு ஆண்டுகளே வாழ்கின்றது. பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தக் குட்டியை வாங்கிக்கொடுப்பவர், அப்பிள்ளை பாடசாலையை விட்டு வெளியேறும்போது ஒரு மரணத்தையும் பார்க்கநேரும் என்பதை முன்னரே அறிந்திருக்கவேண்டும். பண்ணைக்காரப் பெண்மணி வருபவர் எல்லோருக்கும் இதைத்தான் முதலில் சொல்கின்றார்.

அப் பெண்மணிக்கு வயது ஐம்பத்தைந்துக்கு மேல். கணவர் மாடுகளைப் பார்க்கின்றார்; நாய்கள் இவருடைய பொறுப்பு. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இனவிருத்தி செய்துவந்தபோதிலும் இது பதினோராவது ஈற்றுத்தான். ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கூட இல்லை. குட்டி விற்றுப் பண்ணை நடத்த முடியாது என்று சிரிக்கின்றார். குட்டி ஒன்றின் விலை 2000 பிராங்கைத் தாண்டும். அதைக் கேட்டதும் எம்மவர் ஏழால் பெருக்குவர். நாமும் பெருக்கினோம். அவர் கணக்குக் கொப்பியைக் காட்டினார். தாய்நாயின் இடுப்பு, முழங்கை மூட்டுகளுக்கான எக்ஸ்ரே, இனவிருத்திக்குத் தகுதியுடையதா எனச் சங்கம் நடத்தும் பரிசோதனை, இணைசேர்க்கும் கூலி, கால்நடை வைத்தியர், தடுப்பூசி, பூச்சிமருந்து, பத்து வாரத் தீனி, தேவைப்பட்டால் நள்ளிரவில் சத்திரசிகிச்சை. மிஞ்சுவதை மணித்தியாலக் கூலியாகப் பிரித்தால் எம் உணவகத் தொழிலாளர் ஒருவரும் அவ்வேலையை ஏற்கமாட்டார்.

இனி, அங்கு வேலைசெய்யும் இளைஞரைப் பற்றி. முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்தவர். வயது முப்பதுக்குக் கிட்ட. தஞ்சக் கோரிக்கை இன்னும் முடிவாகாதவர். ஊரில் தகப்பனார் பட்டிமாடு வைத்திருந்தார் என்பதால் மாட்டுவேலை அவருக்குப் புதிதன்று. நாய்வேலை புதிது. முதலில் நாய்க்கு வெப்பமானி வைத்துப் பார்ப்பதைக் கண்டு தமக்குச் சிரிப்பு வந்தது என்றார். பின்னர் அந்த வேலை அவருடையதாயிற்று.

நாய்க்குச் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். பேறு நெருங்கும்போது உடல்வெப்பம் இறங்கும். 37 பாகைக்குக் கீழே போனால் ஒரு நாளுக்குள் குட்டி வரும் என்று பொருள். மார்கழியில் ஒருநாள் மாலை வெப்பமானி இறங்கியது. சமையலறைக்கு அடுத்த அறையில், பக்கச்சுவரில் இருந்து கையகலம் விட்டு உட்புறமாகச் சட்டம் அடித்த பலகைப்பெட்டி ஆயத்தமாக இருந்தது. தாய் சுவரில் சாய்ந்து படுக்கும்போது குட்டி நசுங்காமல் அந்த இடைவெளியில் தப்புவதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. முதற்குட்டி இரவு பதினொரு மணிக்கு, ஏழாவது விடிகாலை ஆறு மணிக்கு. நான்காவது மூச்சில்லாமல் வந்ததாம். பெண்மணி சவ்வைக் கிழித்து, மூக்கைத் துடைத்து, அதைத் துவாயில் வைத்து இளைஞரின் கையில் கொடுத்துத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது என்றார் எம்மிடம். அது கத்தியது.

பிறந்த குட்டி அரைக் கிலோ அளவில் இருக்கும். கண் திறவாது, காது கேளாது. தன் உடல்வெப்பத்தைத் தானே காக்கவும் இயலாது. ஏழும் ஒரே மாதிரித் தோன்றுவதால் கழுத்தில் ஏழு நிறக் கம்பளிநூல் கட்டி, ஒவ்வொரு நாளும் சமையலறைத் தராசில் நிறுத்துக் கொப்பியில் எழுதுகின்றார்கள். எடை கூடாத குட்டி முதலில் முலைக்கு விடப்படும். நாம் முதன்முறை சென்றபோது அவற்றுக்குப் பதினாறு நாள். கண்கள் அப்போதுதான் திறந்திருந்தன. நீலம் கலந்த மங்கலான பார்வை.

மூன்றாம் வாரம் தொடங்கிப் பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலமே நாயின் குணத்தை ஆக்குகின்றது. அக் காலத்தில் அது கண்டு பழகாத பொருளுக்கு வாழ்நாள் முழுவதும் அஞ்சும். எனவே இரண்டாம் முறை சென்றபோது வீடே பள்ளிக்கூடமாக மாறியிருந்தது. தூசு உறிஞ்சும் இயந்திரம் ஓடுகின்றது. இரும்புச் சட்டி கீழே போடப்படுகின்றது. உழவு இயந்திரம் முற்றத்தில் நின்று உறுமுகின்றது. அயல்வீட்டுப் பிள்ளைகள் வந்து தரையில் அமர்கின்றனர். தொப்பி அணிந்தவர், தாடி வைத்தவர், ஊன்றுகோல் பிடித்தவர் எல்லோரும் அழைக்கப்படுகின்றனர். எம்மையும் அந்தப் பாடத்திட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள் என்பதைச் சிறிது தாமதமாகவே உணர்ந்தோம். கறுத்தவர், கண்ணாடி அணிந்தவர், புரியாத மொழி பேசுபவர்: ஒரே வருகையில் மூன்று பாடம். குட்டிகள் எம் சப்பாத்து நூலை அவிழ்த்தன.

இதனை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கோ ஒரு கொட்டகையில் இருட்டறையில் நாற்பது பெண்நாய்களை அடைத்து, ஆண்டுக்கு இரு முறை ஈனவைத்து, ஐந்து வாரத்தில் குட்டியைப் பிரித்துப் பெட்டியில் ஏற்றி எல்லை கடத்துகின்ற வாணிகமும் ஐரோப்பாவில் நடக்கின்றது. அக் குட்டிகள் இணைய விளம்பரங்களில் பாதி விலைக்குக் கிடைக்கும். தாயைக் காட்டமாட்டார்கள். வாகனத் தரிப்பிடத்தில் கைமாற்றுவார்கள். சுவிஸ் சட்டப்படி குட்டியை 56 நாளுக்கு முன்னர் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. விளம்பரத்தில் விற்பவரின் பெயரும் முகவரியும் குட்டி எந்நாட்டில் பிறந்தது என்பதும் இருக்கவேண்டும். 2025 பெப்ரவரி முதல், 15 வாரத்துக்குட்பட்ட குட்டிகளை வர்த்தக நோக்கில் நாட்டுக்குள் கொண்டுவருவது தடைசெய்யப்பட்டுள்ளது. 15 வாரம் என்ற கணக்கு விசர்நாய்க்கடித் தடுப்பூசியோடு தொடர்புடையது: அதனைப் பன்னிரண்டாம் வாரத்திலேயே போடலாம், போட்டு 21 நாள் சென்ற பின்னரே அது செல்லுபடியாகும்.

விசர்நாய்க்கடியை எம்மவர் கதையாகக் கேட்டவர்கள் அல்லர், கண்டவர்கள். சுவிற்சர்லாந்து 1999 முதல் அந்நோய் அற்ற நாடு. ஊருக்கு விடுமுறையில் போன பிள்ளை தெருக்குட்டி ஒன்றில் ஆசைவைத்துவிட்டால், இரகசியமாகக் கூடையில் வைத்துக் கொண்டுவரலாம் என்று எவரும் எண்ணவேண்டாம். இலங்கையிலிருந்து நாய் கொண்டுவர மைக்ரோசிப், தடுப்பூசி, அதன் பின் இரத்தப் பரிசோதனை, மாதக்கணக்கான காத்திருப்பு, அனுமதிப்பத்திரம் எல்லாம் வேண்டும். இல்லாவிடில் விமான நிலையத்தில் பிடிபடும் குட்டி திருப்பி அனுப்பப்படலாம், கொல்லவும்படலாம். பிள்ளை அழுவது அப்போதுதான் பெரிதாகும்.

இப்போது அந்தக் குடும்பத்தின் வழக்குக்கு வருவோம். பண்ணைக்காரப் பெண்மணியிடம் நாம் நேரடியாகவே கேட்டோம். அவர் கோபப்படவில்லை. கோப்பு ஒன்றை எடுத்துவந்து மேசையில் வைத்தார். இந்த ஈற்றுக்கு விண்ணப்பித்தோர் பத்தொன்பது பேர். ஒரு குட்டியைப் பண்ணையிலேயே வைத்துக்கொள்வதாக முடிவுசெய்திருந்ததால் ஆறு பேருக்குத்தான் கொடுக்கலாம். மறுக்கப்பட்டவர்களுள் பல் வைத்தியத் தம்பதியர் ஒருவர் இருந்தனர். நாள் முழுவதும் இருவரும் வேலை. நத்தாருக்கு மனைவிக்கு வியப்புப் பரிசாகக் கொடுக்க விரும்பிய வங்கி அதிகாரி ஒருவர் இருந்தார். மின்தூக்கி இல்லாத நான்காம் மாடியில் வசிப்பவர் இருந்தார். வளரும் மூட்டுகளுக்குப் படிக்கட்டு ஆகாது. எம்மவர் குடும்பத்தின் தாளில் அவர் சிவப்புக் கோடிட்டிருந்த இடம் ஒன்றுதான். நாய் தனியாக இருக்கும் நேரம்: வாரத்தில் நான்கு நாள், எட்டு மணித்தியாலம்.

அவருடைய வினாக்கொத்தில் முப்பது கேள்விகள் உண்டு. வீட்டு உரிமையாளர் எழுத்தில் சம்மதித்துள்ளாரா? கோடையில் ஊருக்குப் போனால் நாய் எங்கே? பனி கொட்டும் காலை ஆறு மணிக்கு யார் வெளியே கூட்டிச் செல்வது? வைத்தியச் செலவு திடீரென்று வந்தால்? மணமுறிவு ஏற்பட்டால் நாய் யாரிடம்? இந்தக் கேள்வியை வாசித்ததும் அக் குடும்பத்துத் தாயார் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டாராம். கேள்விகளை வாசித்தபோது எமக்கும் வேறொரு மேசையும், வேறொரு அதிகாரியும், மொழிபெயர்ப்பாளரும் நினைவுக்கு வந்தனர். விசாரணைக்கு உட்பட்டே பழகிய சமூகம் எமது. கேட்பவர் மறுப்பதற்குக் காரணம் தேடுகின்றார் என்றே எம் மனம் முதலில் எண்ணும். ஆனால் இங்கே கேட்கப்படுவது விண்ணப்பிப்பவரின் கதை மெய்யா பொய்யா என்பதன்று. அன்றாடம் அந்த நாய்க்கு எப்படிக் கழியும் என்பதைத்தான் அவர் கேட்கின்றார். கேள்வி கேட்காமல் பணத்தை வாங்கிக் குட்டியைக் கையில் தருபவரிடமே எச்சரிக்கையாக இருக்கவேண்டும்.

விற்றபின்னும் அவர் விடுவதில்லை. வைத்திருக்க இயலாமற் போனால் எந்த வயதிலும் நாயைப் பண்ணைக்கே திருப்பிக் கொண்டுவரவேண்டும், வேறெவருக்கும் கொடுக்கலாகாது என்று ஒப்பந்தத்தில் எழுதி ஒப்பம் வாங்குகின்றார். இதுவரை நான்கு நாய்கள் அவ்வாறு திரும்பி வந்துள்ளன.

நாம் திரும்பி வந்து அக் குடும்பத்தினரிடம் சிவப்புக் கோட்டைப் பற்றிச் சொன்னோம். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் மூத்த பிள்ளைதான் சொன்னது: “ஆனால் அம்மம்மா முழு நாளும் வீட்டிலைதானே இருக்கிறா!”

விடயம் இதுதான். அம்மம்மா அவர்களுடன் வசிக்கின்றார். வினாக்கொத்தில் வீட்டில் வசிப்போர் எத்தனை பேர் என்ற இடத்தில் நான்கு என்று எழுதியிருந்தார்கள். வாடகை வீடு தேடிய காலத்தில் ஆட்தொகை கூடினால் வீடு கிடையாது என்று அனுபவத்தில் கற்றது, நாய்க்குட்டிக்கும் அப்படியே எழுதவைத்துவிட்டது. பண்ணைக்காரப் பெண்மணி தேடிக்கொண்டிருந்த ஒரே ஆள் அந்த ஐந்தாமவர். அவரையே மறைத்துவிட்டார்கள். இதற்காக அவர்களைக் குறைசொல்ல எமக்கு மனமில்லை. நாற்பது ஆண்டாக இந் நாடுகளில் எம்மவர் நிரப்பிய படிவங்களில் எத்தனை அம்மம்மாமார் இவ்வாறு மறைந்துபோயினரோ.

தொலைபேசியில் விளக்கம் சொல்லப்பட்டது. அம்மம்மாவையும் அழைத்துக்கொண்டு வாருங்கள் என்றார் பெண்மணி. அம்மம்மாவுக்கோ நாய் வீட்டுக்குள் வருவதில் உடன்பாடு இல்லை. சாமியறை இருக்கும் வீடு என்றார். அவரைச் சொல்லி என்ன? எம் ஊர்களில் ஒழுங்கைக்கு ஒழுங்கை வைரவர் கோயில் உண்டு. வைரவருக்கு நாயே வாகனம். அந்த வாகனத்துக்கு அன்றாடம் கல்லெறியும் உண்டு. சங்கப் புலவர் ஞமலி என்று பெயர் சொல்லி வேட்டுவரோடு சேர்த்துப் பாடிய விலங்கை நாம் வசைச்சொல்லாக்கிவிட்டோம். ஆனால் அதே வீடுகளில் முற்றத்து நாய்க்குச் சோறு வைக்காமல் தான் உண்ணாத கிழவிகளும் இருந்தனர். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வெளியேறியபோது, நாவற்குழிப் பாலம் வரை பின்தொடர்ந்துவந்த நாய்களைப் பற்றிச் சொல்லாதவர் அரிது. கட்டியிருந்ததை அவிழ்த்துவிட்டுவந்தோம் என்று ஆறுதல் கொள்வோரும், அவிழ்க்க மறந்தோம் என்று இன்றும் தூங்காதோரும் எம்மிடையே உள்ளனர். அம்மம்மாவும் அன்று பாலம் கடந்தவர்தான். அவர் இவ்விரு கூட்டத்துள் எதில் என்று நாம் கேட்கவில்லை.

அவர் பண்ணைக்கு வந்தார். குட்டிகள் சேலைத் தலைப்பை இழுத்தபோது காலைத் தூக்கிக்கொண்டார். பெண்மணி அதனைக் கவனித்தார். ஐம்பது கிலோ வரை வளரப்போகும் துடியான குட்டி எழுபத்தைந்து வயதுடைய ஒருவரின் பொறுப்பில் பகலெல்லாம் இருப்பது சரிவராது என்று இம்முறை காரணத்தோடு சொன்னார். பின்னர் உள்ளே சென்று ஆறு வயதுப் பெண்நாய் ஒன்றை அழைத்துவந்தார். சென்ற பேற்றில் வயிறு கிழித்துக் குட்டி எடுத்தபின் இனவிருத்தியிலிருந்து ஓய்வு பெற்றது. மற்ற நாய்களோடு ஒத்துப்போகாமல் ஒதுங்கியிருந்தது. அது நேரே போய் அம்மம்மாவின் நாற்காலிக்கருகே பாரமாகப் படுத்து, மூச்சை விட்டது. அம்மம்மா சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, “பாவம், பெத்துக் களைச்சதல்லோ” என்றார்.

இரண்டு வார இறுதிகள் ஒத்திகை பார்த்த பின்னர், மாசியில் அந்த நாய் அவர்கள் வீட்டுக்கு வந்தது. எம்மவர் ‘கெமைண்ட’ என்று சொல்லும் ஊராட்சி அலுவலகத்தில் முன்கூட்டியே பதிவுசெய்து, ‘அமிக்குஸ்’ எனப்படும் தேசிய நாய்ப் பதிவேட்டுக்கான இலக்கம் பெற்று, நாய் கைமாறிய பத்து நாளுக்குள் அதில் உரிமையை மாற்றி, நாய்வரியும் செலுத்தி, எவரேனும் கடிபட்டால் ஈடுசெய்யும் பொறுப்புக் காப்புறுதியும் எடுத்திருக்கின்றார்கள். நாய்ப்பயிற்சி வகுப்பு 2016 இறுதிவரை நாடு முழுவதும் கட்டாயமாக இருந்தது. இப்போது சூரிச் போன்ற சில மாநிலங்களிலேயே கட்டாயம். எனவே வாசகர்கள் தத்தம் மாநில விதியை விசாரித்தல் நன்று. காலையில் கூட்டிச் செல்வது தகப்பனார். மாலை வேலைக்காரருக்குக் காலை ஓய்வு. சாமியறை வாசலில் குழந்தைகளுக்குப் போடும் தடுப்புப் படலை போட்டிருக்கின்றது. நாய் அதனருகே படுத்துத் தேவாரம் கேட்கின்றது.

நாம் மூன்றாம் முறை சென்றபோது குட்டிகளுக்குப் பத்து வாரம். சங்கத்தின் சார்பில் ஒருவர் வந்து குட்டிகளையும் தாயையும் பார்வையிட்டுச் சென்றிருந்தார். மைக்ரோசிப் போட்டாயிற்று, தடுப்பூசியும் ஆயிற்று. அன்று மூன்று குட்டிகள் புறப்பட்டன. ஒன்று யூரா மலைப்பக்கத்துப் பண்ணை ஒன்றுக்கு, ஒன்று ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியருக்கு, ஒன்று தோட்டத்துடன் கூடிய வீட்டில் வேலைசெய்யும் சிற்பத் தொழிலாளி ஒருவருக்கு. தாயின் மணம் பட்ட பழைய விரிப்பைத் துண்டு துண்டாக வெட்டி, குட்டி ஒவ்வொன்றுடனும் ஒரு துண்டு கொடுத்தனுப்பினார்கள். முதல் இரவுகளில் புதுவீட்டில் அழாமல் இருப்பதற்கு அது உதவுமாம். வெட்டிக் கொடுத்தவர் எம் இளைஞர். மூச்சில்லாமல் பிறந்த நான்காவது குட்டிதான் பண்ணையில் தங்குவதென முடிவானது. அது பெண்குட்டி.

வமிசாவளிப் பதிவில் ஓர் ஈற்றுக் குட்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்தில் பெயர் தொடங்கவேண்டும் என்பது வழமை. முதல் ஈற்றுக்கு ‘ஏ’ என்று தொடங்கிய அப் பண்ணை பதினோராவது ஈற்றில் ‘கே’ எழுத்துக்கு வந்திருந்தது. ஆறு குட்டிகளுக்கு ஜேர்மன் பெயர்கள் வைத்தாயிற்று. நான்காவதன் பெயரை நீ வை என்று பெண்மணி இளைஞரிடம் சொல்லிவிட்டார். 2009இன் தொடக்கத்தில், அவருக்குப் பதின்மூன்று வயதாக இருக்கையில், வன்னியில் விட்டுவந்த நாயின் பெயரை அவர் வைத்தார். வமிசாவளிச் சான்றிதழில் ‘கறுப்பி’ என்று இலத்தீன் எழுத்தில் அச்சாகி, அதன் பின்னே அந்தப் பண்ணையின் பெயர் இருக்கின்றது. சான்றிதழ் பண்ணை அலுவலக மேசையில் கிடந்தது. பெயரில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை என்பதை அவர் எம்மை ஒருமுறை பார்த்து உறுதிப்படுத்தச் சொன்னார். இல்லை.